அரைப் பவுன் தோட்டாவும் நூறு கிலோ பன்றியும்

கோவைப் பக்கம் துப்பாக்கிகளைப் பற்றிப் படிப்பதிலும் வீடியோ பார்ப்பதிலும் மூழ்கிக் கிடக்கும் இளைஞர்கள் கொஞ்சம் பேர் எப்போதும் உண்டு. அவர்களில் பெரும்பாலோரிடம் துப்பாக்கி கிடையாது, லைசென்ஸும் கிடையாது. ஆனால் எந்தத் தோட்டா விநாடிக்கு எத்தனை அடி பாயும் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் வரும். அதிலும் சின்ன வாய், பெரிய வேகம் என்கிற வகைத் தோட்டாக்கள் மீது இவர்களுக்கு உள்ள மோகம் தனி.

காரமடையிலோ தொண்டாமுத்தூரிலோ ஒரு டீக்கடையில் காட்டுப்பன்றிப் பேச்சு வந்தால் போதும். "ஏனுங் மாமா, கவர்மெண்டு ஒரே ஒரு சின்ன ரைபிள் குடுத்தாப் போதுமுங்க. முந்நூறு மீட்டர்ல நின்னுட்டு டப்புனு போட்டுரலாமுங்க" என்று ஒரு மாப்பிள்ளை ஆரம்பித்துவிடுவார். ராத்திரியெல்லாம் காவல் இருந்து கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தெரியும்.

அது நல்ல யோசனை இல்லை. அந்தத் தோட்டாக்களின் கவர்ச்சி பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது வேறொரு நாட்டின், வேறொரு நிலத்தின், வேறொரு மிருகத்தின் கணக்கு. கொங்கு நாட்டு வெள்ளாமைக்கு அது உதவாது. அதைவிட மோசம், விவசாயி அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய சரியான கேள்வியை அது மறக்கடித்து விடுகிறது.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

முதலில் கவர்ச்சியை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுப்பதில் அர்த்தம் இல்லை.

ஆங்கிலத்தில் 'வார்மிண்ட்' என்றால் தொல்லை தரும் சில்லறை மிருகம் என்று பொருள். அவற்றைச் சுடுவதற்காக அமெரிக்காவில் உருவான தோட்டாக்கள் இவை. குழல் வாய் ஓர் அங்குலத்தில் நூறில் 22 பங்கு அல்லது அதற்கும் குறைவு. 1930ல் வந்த 22 ஹார்னெட், 1935ல் வின்செஸ்டர் கம்பெனி கொண்டுவந்த 220 ஸ்விஃப்ட், 1950ல் ரெமிங்டன் கம்பெனியில் மைக் வாக்கர் வடிவமைத்த 222, 1965ல் அதே கம்பெனி முறையாக விற்பனைக்குக் கொண்டுவந்த 22-250, 2004ல் வந்த 204 ரூகர் என்று இது ஒரு பெரிய குடும்பம்.

இதில் 220 ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டின் எடை 48 கிரெயின், அதாவது சுமார் 3.1 கிராம். அரைப் பவுன் தங்கத்தைவிடக் குறைவு. அது குழலை விட்டு வெளியேறும் வேகம் விநாடிக்குச் சுமார் 1,250 மீட்டர். அந்த வேகம் குறையாமல் போக முடிந்தால் கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு அரை நிமிடம்!

வேகம் ஏன் முக்கியம் என்பது பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. எடையை இரண்டு மடங்காக்கினால் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் நான்கு மடங்கு. அதனால்தான் பயிற்சிக் கூடங்களில் சுடும் சாதாரண 22 தோட்டாவின் ஆற்றல் 150 ஜூல் அளவில் நிற்க, ஏறக்குறைய அதே எடையுள்ள ஸ்விஃப்ட் குண்டு 2,400 ஜூல் வரை போகிறது.

அடுத்தது புவியீர்ப்பு. குண்டு பறக்கிற நேரம் முழுக்க அது கீழே விழுந்துகொண்டேதான் இருக்கும். சாதாரண 22 தோட்டா 200 மீட்டர் போவதற்கு முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்ளும், அதற்குள் இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். ஸ்விஃப்ட் குண்டு அதே தூரத்தை விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் கடந்துவிடுகிறது. இறக்கம் ஒரு சாண் கூட இல்லை. குறி வைத்த இடத்திலேயே போய் விழும். மேலே தூக்கிப் பிடி, காற்றைக் கணக்குப் போடு என்ற தொல்லையெல்லாம் பாதியாகிவிடும்.

மூன்றாவது, தோளில் உதை குறைவு. குண்டு லேசாக இருப்பதால் துப்பாக்கி பின்னால் தள்ளுவதும் கம்மி. நாலாவது, குண்டு பட்டவுடன் சிதறும்படி செய்யப்பட்டிருக்கிறது. மேலுறை மெல்லியது. அணிலைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பிராணியின் மேல் பட்டால் அதே நொடியில் கதை முடிந்தது. தரையில் பட்டாலும் பெரும்பாலும் தூளாகிவிடும், தெறித்து ஓடாது.

ஆக, துல்லியம், வேகம், உதைக்காத சுகம், உடனடி முடிவு. எந்த இளைஞனுக்குத்தான் பிடிக்காது?

வேகமே விளம்பரம்

இந்த வேக மோகத்தில் வியாபாரத்துக்கும் பங்கு உண்டு. 1915ல் சாவேஜ் கம்பெனி ஒரு தோட்டாவை விற்பனைக்கு விட்டபோது அதன் பெயரே 250-3000. அந்த 3000 என்பது விநாடிக்கு 3,000 அடி என்ற விளம்பரம். வடிவமைத்த சார்லஸ் நியூட்டன் யோசித்தது இன்னும் கனமான குண்டை. ஆனால் 3,000 என்ற எண்ணைத் தொட வேண்டும் என்பதற்காகக் கம்பெனி 87 கிரெயின் குண்டைப் போட்டு விற்றது. பைக் விளம்பரத்தில் டாப் ஸ்பீடு போடுவதுபோல.

இன்றைக்குப் புகழ்பெற்ற 22-250 அதே தோட்டாவின் கழுத்தை நெரித்து, சின்னக் குண்டு போட்டுப் பிறந்ததுதான். எண்ணைக் காட்டி விற்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. இன்று அந்த எண்களைக் கோவையில் மனப்பாடம் செய்பவர்கள் தொண்ணூறு, நூறு வருஷத்து விளம்பரத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

யாருக்காகச் செய்தது?

அமெரிக்காவின் நடுப்பகுதியில் மரமே இல்லாத புல்வெளி கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடக்கும். அதில் வளை தோண்டி வாழும் ஒரு பிராணிக்கு 'புல்வெளி நாய்' என்று பெயர். பெயரில்தான் நாய், உண்மையில் அணில் சாதி. எடை சுமார் ஒரு கிலோ. பட்டப்பகலில், வெட்டவெளியில், 200, 300 மீட்டர் தூரத்தில் வளை வாசலில் எழுந்து நிற்கும். அதன் பெரியண்ணன் மாதிரி இன்னொரு பிராணியும் உண்டு, நாலைந்து கிலோ தேறும். இவற்றை நெருங்கினால் வளைக்குள் ஓடிவிடும். ஆகவே தூரத்திலிருந்து, சின்ன இலக்கை, இறக்கமில்லாமல் அடிக்கும் தோட்டா தேவைப்பட்டது. தேவைக்கு ஏற்ற கருவி. அங்கே அது சரி.

இப்போது அதே கருவியைத் தூக்கிக்கொண்டு நரசீபுரத்துக்கோ சிறுமுகைக்கோ வாருங்கள்.

இங்கே வெள்ளாமையை அழிப்பது யார்? முதல் எதிரி காட்டுப்பன்றி. மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி, வாழை, தென்னங்கன்று எதுவும் தப்பாது. தின்பதைவிட மிதித்தும் உழுதும் கெடுப்பது அதிகம். வளர்ந்த பன்றி எண்பது, நூறு கிலோ சாதாரணமாக இருக்கும். ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் கெட்டியான தடித்த தோல், கேடயம் மாதிரி. வருவது ராத்திரியில், கூட்டமாக. ஆள் உயர மக்காச்சோளத்துக்குள் அது இருப்பது சத்தத்தில்தான் தெரியும். டார்ச் அடித்தால் இருபது, முப்பது அடியில் ஒரு கருப்பு உருவம் தெரியும், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்.

முந்நூறு மீட்டர் எங்கே இருக்கிறது இதில்? குண்டு ஒரு சாண் இறங்குகிறதா, இரண்டு மீட்டர் இறங்குகிறதா என்ற கணக்குக்கே இங்கே வேலை இல்லை. காசு கொடுத்து வாங்கும் அந்த வேகத்தில் முக்கால்வாசி, மக்காச்சோளக் காட்டில் வீண்.

இன்னொரு வேடிக்கை. அந்தத் தோட்டாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும் ஒரு 'தொல்லைப் பிராணி' கொங்கு நாட்டில் நிஜமாகவே உண்டு. நாலைந்து கிலோ எடை, பகலில் வரும், வெட்டவெளியில் நிற்கும், நெருங்கினால் ஓடும். முளைவிட்ட மக்காச்சோளத்தையும் தக்காளியையும் கொத்தித் தள்ளும். அதன் பெயர் மயில்! 1963லிருந்து தேசியப் பறவை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை, மருதமலை முருகனின் வாகனம். அதைச் சுட வேண்டும் என்று டீக்கடையில் கூட எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அடுத்துப் பொருந்துவது முயலும் நரியும். அவையும் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. அவற்றைச் சுடுகிறவனை ஊர் விவசாயி என்று சொல்லாது, திருட்டு வேட்டைக்காரன் என்றுதான் சொல்லும்.

ஆக, இந்தத் தோட்டாவுக்கு ஏற்ற பிராணியைச் சுடக் கூடாது. சுட வேண்டிய பிராணிக்கு இந்தத் தோட்டா ஏற்காது.

ஆற்றல் இருக்கிறதே, பன்றி சாகாதா?

இந்த இடத்தில் ரசிகர்கள் 2,400 ஜூல் கணக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆற்றல் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அது எங்கே போய்ச் சேருகிறது என்பது இன்னொரு கேள்வி. பட்டவுடன் தூளாகும்படி செய்த குண்டு, பன்றியின் தோள் கேடயத்தில் பட்டாலும் அங்கேயே தூளாகும். மேலே அகலமான புண், உள்ளே நுரையீரலுக்கும் இதயத்துக்கும் ஒன்றும் ஆகாது. பன்றி ஓடிவிடும். எங்கோ ஓடைக்கரையில் இரண்டு நாள், மூன்று நாள் அழுகிச் சாகும். அல்லது சாகாமல் வெறியேறித் திரியும். மறுநாள் காலையில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும் பெண்தான் அதை முதலில் சந்திப்பாள்.

இந்தத் தோட்டாக்கள் புழங்கும் நாடுகளே இதைச் சட்டமாக எழுதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மான் போன்ற பெரிய மிருகங்களை வேட்டையாட ரைபிளின் குழல் அளவு குறைந்தது அங்குலத்தில் நூறில் 24 பங்கு இருந்தாக வேண்டும். இங்கிலாந்தின் 1991 மான் சட்டமும் மிகச் சிறிய இரண்டு மான் இனங்களைத் தவிர மற்றவற்றுக்கு 240க்குக் குறையாத ரைபிளைத்தான் அனுமதிக்கிறது. மானின் தோலே மெல்லியது. மானுக்கே போதாது என்று சொந்தக்காரர்களே ஒதுக்கிய தோட்டாவை, கேடயம் போட்ட பன்றிக்கு எப்படிச் சிபாரிசு செய்வது?

"அமெரிக்காவில் ஆக்லி என்ற பெரிய துப்பாக்கி நிபுணர் 220 ஸ்விஃப்ட்டால் காட்டுக் கழுதைகளையே வீழ்த்தியிருக்கிறாரே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான், பி.ஓ. ஆக்லி அப்படிச் சுட்டு, அந்தத் தோட்டாவைப் புகழ்ந்தும் எழுதினார். ஆனால் அவர் ஆயுசு முழுக்க துப்பாக்கி செய்து சுட்டுப் பார்த்தவர். வெளிச்சத்தில், இடம் பார்த்து, குண்டு பார்த்துச் சுட்டவர். நிபுணன் ஒருவனால் முடிந்தது என்பதற்காக, ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் டார்ச்சை ஒரு கையில் பிடித்திருக்கும் மனிதனால் முடியும் என்று ஆகாது. சாதாரண மனிதன் தவறு செய்தாலும் வேலை முடிகிறதா என்று பார்த்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தெறிக்காது, ஆகவே பாதுகாப்பு?

ரசிகர்களின் வாதங்களில் உருப்படியானது இது ஒன்றுதான். கனமான குண்டு கல்லில் பட்டால் எகிறி எங்கோ போகும், சின்ன வேகக் குண்டு மண்ணிலேயே சிதறிவிடும் என்பது பெருமளவு சரி. ஆனால் அது மண்ணில் பட்டால்தான். குறி தவறி, பன்றியின் முதுகுக்கு மேலே சோளத் தட்டையைக் கிழித்துக்கொண்டு போகும் குண்டு இரண்டு, மூன்று கிலோமீட்டர் போக வல்லது.

கொங்கு நாட்டு ஊர் அமைப்பை நினைத்துப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் போல வீடெல்லாம் ஒரு தெருவில், வயலெல்லாம் ஊருக்கு வெளியே என்று இங்கே இல்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு சாளை. சாளையில் பெரியவர்கள், குழந்தைகள், பட்டியில் ஆடு, மாடு. கிணற்றடியில் மோட்டார் போட வருகிறவர், பால் கறக்க விடிகாலை நாலு மணிக்கே சைக்கிளில் போகிறவர். இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் எத்தனை சாளை, எத்தனை உயிர்! ஆள் இல்லாத புல்வெளியில் பிறந்த தோட்டாவுக்கு இந்தக் கவலை தெரியாது. பன்றி என்று நினைத்து மனிதரையே சுட்ட செய்திகள் பக்கத்துக் கேரளத்திலிருந்து வந்திருக்கின்றன. பரண் மேல் உட்கார்ந்து, கீழ்நோக்கி, கிட்டத்தில், பின்னால் மண் இருக்கிறதா என்று பார்த்துச் சுடுவதுதான் இங்கே பாதுகாப்பு. அதற்கு வேகம் தேவையில்லை, நிதானம்தான் தேவை.

சிதறும் குண்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது ஈயத்தூளாக உடம்பெங்கும் பரவுகிறது. காயம்பட்ட மிருகம் காட்டுக்குள் போய்ச் செத்தால், அதைத் தின்னும் பறவைக்கு அந்த ஈயம் போய்ச் சேரும். ஈயக் குண்டுகளால் கழுகினம் அழிவதைப் பார்த்துத்தான் கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டையில் ஈயக் குண்டையே முற்றிலும் தடை செய்தார்கள். சத்தியமங்கலத்துக்கும் நீலகிரிக்கும் நடுவே மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சம் இருக்கிற பாறு கழுகுகளை வைத்துக்கொண்டு, ஈயம் தூவும் விளையாட்டை இங்கே ஆரம்பிக்க வேண்டுமா?

சட்டம் தருவது என்ன?

இவ்வளவு பேசும் இளைஞர்கள் ஆயுதச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் அதிர்ச்சி அடைவார்கள். 1959ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்ற வார்த்தை வெளிப்படையாகவே இருக்கிறது. 13வது பிரிவு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்கும் குடிமகனுக்கு எந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று அது சொல்கிறது தெரியுமா? வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு! அது போதாது என்று அதிகாரி திருப்தி அடைந்தால் வேறு 'வழவழப்பான குழல்' துப்பாக்கி தரலாம். ரைபிள் என்பதே குழலுக்குள் வரிவரியாகத் திருகு வெட்டியது. ஆகவே பயிர்ப் பாதுகாப்பு என்ற கதவு வழியாக ரைபிள் உள்ளே வரவே வராது.

ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய எந்த ரைபிளும் 'தடை செய்யப்பட்ட போர்' என்ற கணக்கில் வருவது அடுத்த தடை. வார்மிண்ட் தோட்டாக்களில் உலகப் புகழ் பெற்றது 223. மைக் வாக்கரின் 222ஐ நீட்டி, அமெரிக்க ராணுவத்தின் எம்-16 துப்பாக்கிக்காக உருவாக்கியது அது. இந்திய ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கி சுடுவதும் கிட்டத்தட்ட அதே உருவமுள்ள 5.56 மில்லிமீட்டர் தோட்டாவைத்தான். அணில் சுடப் பிறந்த குடும்பம் போர்க்களத்துக்குப் போய்விட்டது, ஆகவே குடிமகனுக்குக் கிடையாது. 303 ரைபிளைக் குடிமக்களுக்குத் தராமல், அதற்குப் பதிலாக இஷாப்பூர் தொழிற்சாலையில் 315 ரைபிளைச் செய்து விற்கும் நாடு இது. அந்த 315ன் குண்டு 244 கிரெயின், கிட்டத்தட்ட இரண்டு பவுன். வேகப் போட்டியில் தோற்கும், மெதுவானது, பழைய காலத்துச் சரக்கு. ஆனால் பன்றியின் கேடயத்துக்குள் நுழைந்து போக இரண்டு பவுன் குண்டுதான் லாயக்கு, அரைப் பவுன் இல்லை.

ஒரு பக்கம் விநாடிக்கு 1,250 மீட்டர் கனவு. மறு பக்கம் சட்டம் நீட்டும் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. ஒரு வெடி வெடித்துவிட்டு அடுத்ததற்கு மருந்து, கந்தை, ரவை என்று இடித்துக்கொண்டிருப்பதற்குள் பன்றிக் கூட்டம் பக்கத்துத் தோட்டத்துக்கே போய்விடும். அதிலும் தேர்தல் வந்தால் அந்தத் துப்பாக்கியையும் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பன்றிக்குத் தேர்தல் தேதி தெரியாது. கோபப்பட வேண்டிய விஷயம் இதுதான்!

துப்பாக்கி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது?

விலங்கு நேசர்கள் சிலர் "துப்பாக்கியே வேண்டாம்" என்று முடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் இங்கே பதில் சொல்ல வேண்டும். துப்பாக்கி இல்லை என்பதால் பன்றி சாகாமல் இருக்கிறதா? அவுட்டுக்காய் இருக்கிறது. பழத்துக்குள்ளோ கொழுப்பு உருண்டைக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் போட்டுவிடுவார்கள், கடித்தால் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை யானையும் கடிக்கும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை, ஆற்றுக்குள் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. கோவை வனப்பகுதியிலும் வாய் கிழிந்த யானைகள் பட்டினியில் செத்திருக்கின்றன. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம், பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் ஒரே இடத்தில் மூன்று யானைகள் விழுந்தன.

அவுட்டுக்காய்க்கும் மின்வேலிக்கும் கண் கிடையாது. யானையா, பன்றியா, மாடு மேய்க்கும் பையனா என்று அது பார்க்காது. சரியான துப்பாக்கி, சரியான கையில் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு கண் இருக்கும். ஆகவே வாதம் துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. யார் கையில், எந்தத் துப்பாக்கி, யாருடைய அனுமதியில் என்பதில் இருக்கிறது.

கேட்க வேண்டியது எதை?

வனவிலங்குச் சட்டத்தின் 11வது பிரிவு, நிற்கும் பயிருக்கு ஆபத்தான மிருகத்தைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குக் கொடுத்திருக்கிறது. கேரளம் அதைப் பயன்படுத்தி 2022 மே மாதம் ஒரு முடிவு எடுத்தது. பஞ்சாயத்துத் தலைவர்களையே கௌரவ வனவிலங்குக் காப்பாளர் ஆக்கி, லைசென்ஸ் வைத்திருக்கும் சுடுநர்களைக் கொண்டு பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. வாளையாறு தாண்டினால் பஞ்சாயத்துத் தலைவர் முடிவெடுக்கிறார்.

இந்தப் பக்கம் 2025 ஜனவரியில் தமிழக அரசு சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். காட்டோரத்து விவசாயிக்கு இதில் என்ன கிடைத்தது? தடாகத்திலும் தொண்டாமுத்தூரிலும் ஆனைமலை அடிவாரத்திலும் பன்றி முதலில் இறங்குவதே அந்த மூன்று கிலோமீட்டருக்குள்தான். பிடித்து விட்ட பன்றி ஒரு வாரத்தில் அதே வழியில் திரும்பி வராது என்று யாராவது அதனிடம் எழுதி வாங்கியிருக்கிறார்களா?

டீக்கடையில் பேச வேண்டியது இது. மூன்று கிலோமீட்டர்க் கோட்டை எந்தக் கணக்கில் போட்டார்கள்? ஒவ்வொரு வனச்சரகத்திலும் பயிற்சி பெற்ற சுடுநர்கள் எத்தனை பேர்? விவசாயி போன் செய்தால் அன்று ராத்திரியே பரணுக்கு ஆள் வருமா, அல்லது மனு எழுதி, பட்டா நகல் வைத்து, வெள்ளாமை போன பிறகு வருமா? சுடுபவர் கையில் பன்றிக்குப் போதுமான துப்பாக்கி இருக்கிறதா? கிட்டத்தில் சுட 12 போர் துப்பாக்கியும் கனமான குண்டும், கொஞ்சம் தள்ளிச் சுட 315ம் இங்கேயே இருப்பவை, எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நஷ்ட ஈடு அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வருமா?

இதற்கெல்லாம் பதில் வாங்க மனு போட வேண்டும், விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் எழுந்து நின்று பேச வேண்டும், சலிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். தோட்டா அட்டவணையை மனப்பாடம் செய்வது போல இதில் சுவாரசியம் இருக்காதுதான்.

'தொல்லைப் பிராணி' என்ற பெயர்

கடைசியாக அந்த 'வார்மிண்ட்' என்ற சொல். ஒரு பிராணிக்கு அந்தப் பெயரைச் சூட்டியவுடன் அதைச் சுடுவது வேலை என்பதிலிருந்து விளையாட்டு என்று மாறிவிடுகிறது. இந்தியச் சட்டத்திலும் 'ஐந்தாம் அட்டவணை' என்று ஒன்று இருந்தது. காகம், எலி, பழந்தின்னி வௌவால் எல்லாம் அதில் இருந்தன, யாரும் கொல்லலாம். 2022ல் செய்த திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. ஆனாலும் ஒரு மிருகத்தைக் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்துக்குத் தொல்லைப் பிராணி என்று அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. பீகாரில் நீல்காய் மானுக்கு அப்படி அறிவித்த பிறகு, 2016 ஜூனில் மொகாமா பகுதியில் வெளியூர்ச் சுடுநர்களைக் கூட்டி வந்து 200க்கு மேல் சுட்டுத் தள்ளினார்கள். மத்திய அமைச்சர்களுக்குள்ளேயே அதை வைத்துப் பகிரங்கச் சண்டை நடந்தது. கேரளம் காட்டுப்பன்றிக்கு அதே பெயரைக் கேட்டும் மத்திய அரசு தரவில்லை.

கொங்கு விவசாயி பன்றியை வெறுக்கலாம். வெறுக்க அவருக்கு உரிமை உண்டு, கடன் வாங்கிப் போட்ட வெள்ளாமை அது. ஆனால் அவருக்கு வேண்டியது ஒரு ராத்திரித் தூக்கமும் ஒரு முழு அறுவடையும்தான். முந்நூறு மீட்டரில் எதையாவது விழவைக்கும் சந்தோஷம் அவருக்கு வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தைத் தேடுகிறவர்களுக்குத் துப்பாக்கி சுடும் கிளப்புகள் இருக்கின்றன, காகித இலக்குகள் இருக்கின்றன. அங்கே எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் சுடட்டும், துல்லியத்துக்குப் பதக்கமும் வாங்கட்டும், ஊரே கைதட்டும். விவசாயியின் கஷ்டத்தைச் சாக்காக வைத்துத் தங்கள் தோட்டா ஆசையைத் தீர்த்துக்கொள்ள மட்டும் பார்க்க வேண்டாம்.